சாவி இல்லாத சிவப்பு விளக்கு

புதன்கிழமை காலை பத்து மணிக்குள் உடையப்பன் அந்தோணிமுத்துவின் பட்டறைக்குள் நாற்பது சுற்றுச் சுற்றியிருந்தான். பட்டறையே எட்டடிக்குப் பத்தடி. அதற்குள் பட்டாளத்தில் கழித்து ஏலம் விட்ட மோட்டார் சைக்கிள் ஒன்று, ஒரு துருத்தி, முடியாத பூட்டுகள் இரண்டு சாக்கு. இதற்கு நடுவில் ஒரு பூனை சுற்ற வழியில்லை, உடையப்பன் சுற்றினான். ஹேண்டில்பாரில் சுற்றியிருந்த கறுப்பு டேப்பை உரித்துப் போட்டதில் வயர்களெல்லாம் வெள்ளாட்டுக் குடல் மாதிரி வெளியே தொங்கின.

"ஏலே அப்பு, செத்த நேரம் ஒரு எடத்துல நில்லு. நீ வீசுற காத்துல பத்தவச்ச ஈயம் ஒட்டாம ஆறிப்போகுது," என்றார் அந்தோணிமுத்து.

"நாளைக்கு வியாழக்கெழமைண்ணே."

"அதுக்கு? நான் போய்க் கிழமையைத் தள்ளியா வைக்க முடியும்?"

உடையப்பன் திண்டுக்கல் கால்நடை நிலையத்தில் தூக்குக்காரன். நிலையத்துப் பொலிகாளையின் சினை ஊசிச் சரக்கைப் பனிக்கட்டி ஃபிளாஸ்கில் வாங்கிக்கொண்டு ஒருநாள் ரெட்டியார்சத்திரம், ஒருநாள் சாணார்பட்டி என்று கொண்டுபோய்ச் சேர்ப்பான். காளை கொட்டத்தை விட்டு நகர்ந்ததே இல்லை. ஆனால் அறுபத்தொன்றாம் வருஷக் கணக்குப்படி சாணார்பட்டிப் பக்கம் பிறந்த கன்றுகளில் பாதி அதன் முகஜாடை. அவற்றில் இரண்டு கன்று மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் அப்பன் வந்துவிட்டதாக நினைத்துக் கட்டுத்தறியை இழுத்துக்கொண்டு ரோட்டுக்கு வந்தன என்பார்கள். இரண்டு இல்லை, ஒன்றுதான்.

மூன்று மாதத்துக்கு முன் அவனுடைய வலது கையில் நடுவிலிருந்த மூன்று விரல்கள் போயின. கட்டைவிரலும் சுண்டுவிரலும் மிச்சம். டவுனில் கேட்டவர்களிடம் சிறுமலைச் சிறுத்தை என்றான். சிறுமலைக்காரர்கள் கேட்டபோது முதலை என்றான். உண்மை ரொம்பச் சின்னது. என்ஜினை ஓடவிட்டபடியே செயினைத் துணியால் துடைத்தான். துணி முதலில் போனது. அதிலிருந்து அந்தக் கை வெளியுலகத்தைப் பார்க்கவில்லை. சாப்பிடும் நேரம் தவிர எந்நேரமும் அதன் மேல் ஒரு துண்டு கிடந்தது. வீட்டில் சும்மா இருக்கவும் தெரியவில்லை. "மூணு மாசமா நடந்து நடந்து நான் மொழுகின தரையெல்லாம் பேத்துட்டீக," என்றாள் பெண்டாட்டி பொன்னழகு. "ஒண்ணு வண்டியேறிப் போங்க. இல்லாட்டி ஒக்காருங்க. ரெண்டுமில்லாம நிக்கிற மனுசனுக்கு எந்தப் பக்கம் சோறு வைக்கிறது?"

வண்டியேற பிரேக் இன்ஸ்பெக்டர் கையெழுத்து வேண்டும். வலது கையால் பிரேக்கைப் பிடிக்க முடியாது என்பதால் லைசென்ஸை நிறுத்தி வைத்திருந்தார். பிரேக்கை இடது பக்கம் மாற்று. கையால் பிடித்தாலும் காலால் மிதித்தாலும் பின்னால் சிவப்பு விளக்கு எரியணும். வியாழக்கிழமை மைதானத்துக்கு வா என்று சொல்லியிருந்தார். மாட்டு டாக்டரும் சொல்லிவிட்டார், இந்த வியாழன் தப்பினால் சைக்கிளில் போகிற ஆளைப் போட்டுக்கொள்வதாக.

பஸ் கம்பெனி எலெக்ட்ரீஷியன் வண்டியை ஒருமுறை பார்த்துவிட்டு வேறு வேலை இருப்பதாகச் சொன்னார். அந்தோணிமுத்து அப்படிச் சொல்லவில்லை. முப்பது வருஷம் பூட்டுச் செய்தவர், வயரிங் பழகி இரண்டு வருஷம். ஆரோக்கிய மாதா திருவிழாவில் அவர் போட்ட சீரியல் விளக்கு வெயிலில் எரிந்து இரவில் அணைந்தது. அதைத் தவிர இதுவரை புகார் கிடையாது.

மத்தியானத்துக்குள் பிரேக் பிடி இடது பக்கம் வந்துவிட்டது. மேலே பிரேக், கீழே கிளட்ச். மேலே இரண்டு விரல், கீழே இரண்டு விரல். ஹாரன் பொத்தானும் விளக்கு மாற்றும் குமிழும் வலது பக்கம் போயின. அந்தப் பக்கம் கட்டைவிரல் ஒன்று சும்மாத்தானே இருக்கிறது. குறுக்கே போக வேண்டிய நான்கு வயர்களுக்கு நான்கு நிறத்தில் நூல் சுற்றி அடையாளம் வைத்தார் அந்தோணிமுத்து. கேபிள் நுனியில் ஈயக் குண்டு வைத்து இழுத்துப் பார்த்தார். பிடித்தது. மிச்சம் சுவிட்சு ஒன்றுதான். அது மதராஸுக்கு இந்தப் பக்கம் கிடைக்காது. சாக்கிலிருந்து ஒரு பூட்டை எடுத்தார். பித்தளை நாக்கை உருவி அரத்தால் ராவினார். கை பிரேக்கோ கால் பிரேக்கோ கேபிளை இழுத்தால் நாக்கு போய்ச் செம்புத் தகட்டைத் தொடும். தொட்டால் விளக்கு எரியும்.

பேட்டரி சார்ஜுக்குப் போயிருந்தது. மறுநாள் காலையில்தான் வந்தது. மாட்டியதும் உடையப்பன் பிரேக்கைப் பிடித்தான். உள்ளே 'டிக்' என்றது. பின்னால் சிவப்பு எரிந்தது. அந்தோணிமுத்து சிலுவை போட்டுக்கொண்டார். நேரமாகிவிட்டது என்று பின்னால் ஏறி உட்கார்ந்தார். போகிற வழியில் டாக்டர் ஃபிளாஸ்கையும் தூக்கிக் கொடுத்தார். "பாஸோ ஃபெயிலோ, சாணார்பட்டி அய்யம்மாள் பசு காத்துக்கிட்டு இருக்கு. உச்சிப் பொழுது வரைக்கும்தான் ஐஸ் தாங்கும்."

வழியெல்லாம் ஆட்கள் கையைக் காட்டி "லைட்டு எரியுது, லைட்டு எரியுது" என்றார்கள். "நம்ம வேலையை ஊரே பாக்குதுடா," என்றார் அந்தோணிமுத்து.

மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தது. உடையப்பன் முப்பது மைல் வேகத்தில் வந்து, இடது கையால் பிடித்து, முன்சக்கரம் கோட்டைத் தொடும் இடத்தில் நிறுத்தினான். இன்ஸ்பெக்டர் பின்னால் நின்று பார்த்தார்.

"சரி, பிரேக்கை விடு."

"விட்டுட்டேன் சார்."

"விடுய்யா."

"சார், கை இங்க இருக்கு சார்." இடது கையைத் தூக்கிக் காட்டினான். சிவப்பு எரிந்துகொண்டே இருந்தது.

அந்தோணிமுத்து குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். நாக்கு போய் நின்ற இடத்தில் அழகாக ஒரு பள்ளம் ராவியிருந்தது. நாக்கு அதில் ஏறி உட்கார்ந்திருந்தது. அவர் ராவலாம் என்று நினைக்கவில்லை. கை ராவியிருக்கிறது.

"முப்பது வருசப் பழக்கம் சார்," என்றார். "போன நாக்கு திரும்பி வந்தா அது பூட்டா சார்? பூட்டுனா பூட்டுனதுதான். சாவி போட்டாத்தான் தொறக்கும்."

"சாவி எங்க?"

"இனிமேத்தான் சார் செய்யணும்."

இன்ஸ்பெக்டர் சிரிக்கிற ஆள் இல்லை. கடிகாரத்தைப் பார்த்தார். "நானும் சாணார்பட்டிதான் போறேன். பின்னாலயே ஜீப்புல வாரேன். ஒன் பிரேக்கு நல்லாருக்கு, ஒத்துக்கிறேன். ஆனா எந்நேரமும் செவப்பு எரிஞ்சா நீ நிக்கப்போறியா போகப்போறியான்னு எனக்கு எப்படித் தெரியும்? வழியில ஒரு தடவை நீ நின்னு, அது எனக்கு முன்கூட்டியே தெரியாமப் போச்சுன்னா, லைசென்ஸை மறந்துரு."

அந்தோணிமுத்து மைதானத்திலேயே இறங்கிக்கொண்டார். "பாத்துப் போ அப்பு. கூடுமான வரைக்கும் நிக்காத."

நத்தம் ரோட்டில் பன்னிரண்டு மைல். அதை நிற்காமல் கடந்தவன் அதுவரை கிடையாது. உடையப்பன் ஏழு மைல் கடந்தான். எதிரே வந்த மொச்சைக்காய் வண்டி தானாக ஓரம் போனது. ஒரு மேடு, ஒரு பள்ளம், பால்காரன் சைக்கிள், ஒன்றுக்கும் பிரேக் பிடிக்கவில்லை. ஆக்சிலேட்டரைக் குறைத்தே சமாளித்தான். பின்னால் ஜீப் இரண்டு தடவை பதறி வேகம் குறைத்து, ஏமாந்து, மறுபடி நெருங்கி வந்தது. அதன் என்ஜின் சத்தம் முதுகில் உரசியது. கால்மாட்டில் ஃபிளாஸ்கில் பனிக்கட்டி கலகலத்தது. மைலுக்கு மைல் அந்தச் சத்தம் மெலிந்தது. மூன்று மாதமாக நிற்க முடியாமல் அலைந்தவனுக்கு இப்போது நிற்கவே கூடாதென்று ஆனதில் சந்தோஷம்தான் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஹேண்டில்பாரில் துண்டுக்குள் வலது கை வேர்த்தது.

எட்டாவது மைலில், வாய்க்கால் பாலத்துக்கு அந்தப் பக்கம், செம்மறியாடுகள். நூறு இருக்கும். ரோட்டை முழுசாக அடைத்துக்கொண்டு, எந்த அவசரமும் இல்லாமல்.

ஹாரனை அழுத்தினான். முன்விளக்கு எரிந்தது. அதை யோசிக்க நேரமில்லை. ஜீப் முப்பதடிக்குள் வந்துவிட்டது. முன்னெல்லாம் என்றால் நிற்பதற்கு வலது கை வேண்டும். பிரேக்கை விட்டு எடுக்க முடியாது. இப்போது நிறுத்துகிற வேலையெல்லாம் இடது கைக்குப் போய்விட்டது. ஆக்சிலேட்டரை விட்டுவிட்டால் வலது கைக்கு ஒரு வேலையும் இல்லை.

தூக்கினான். துண்டு காற்றில் பிடுங்கிக்கொண்டு போய் வாய்க்காலில் விழுந்தது. வெயில் படாமல் வெளுத்துப்போன அந்தக் கை, தலைக்கு மேலே, நிற்கப்போகிறேன் என்று பின்னால் வருகிறவர்கள் எல்லோரும் பார்க்கும்படி நின்றது. இடது கை மேலிரண்டு விரலால் பிரேக்கைப் பிடித்தது. முன்சக்கரத்தின் அருகில் ஒரு கிடாய் வந்து நின்று அண்ணாந்து பார்த்தது.

பின்னால் ஜீப்பின் டயர் தேய்கிற சத்தம் நீளமாகக் கேட்டு, நின்றது. உடையப்பன் திரும்பிப் பார்க்கவில்லை, கையையும் இறக்கவில்லை. ஆடுகள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன. கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவில் இருந்த இடத்தில் சிறுமலை முழுசாகத் தெரிந்தது.