அடுப்படியிலிருந்து வந்த போன்

தீபாவளிக்கு மதுரை ஓட்டலில்தான் சாப்பாடு என்று ரேணுகாதேவி ஒரு மாதமாகச் சொல்லிவைத்திருந்தாள். அருப்புக்கோட்டையில் பெயிண்ட் கடை வைத்திருக்கும் அவள் கணவர் சங்கரபாண்டியனும் தலையாட்டிக்கொண்டுதான் இருந்தார். போன வருஷம் அந்த ஓட்டலில், சாப்பிடுகிறவர்களின் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு, எப்போது எழுந்து கை கழுவப் போவார்கள் என்று காத்துக்கிடந்தது நினைவுக்கு வந்ததோ என்னவோ, பண்டிகைக்கு முதல்நாள் பின்வாங்கிவிட்டார்.

"வீட்டுலயே சாப்பிடுவோம்."

"யாரு சமைக்க?"

"நாந்தேன். நீ அடுப்படிப் பக்கமே வரக்கூடாது."

அதோடு விட்டாரா? பாலவனத்தத்தில் இருக்கும் மச்சினன் உதயகுமாருக்கும் போன் போட்டு, "கறிக்குழம்பு என் கையால, மாப்ளே. வந்துருங்க" என்று அழைத்துவிட்டார்.

மறுநாள் தம்பியும் அவன் மனைவி தங்கச்செல்வியும் வந்து கூடத்தில் உட்கார்ந்தார்கள். அடுப்படிக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே குக்கர் விசிலடித்தது; ஏதோ பாத்திரம் உருண்டது. சற்று நேரத்தில் ரேணுகாதேவியின் போன் அடித்தது. பார்த்தால், அவர்.

"ரேணுகா, சத்தம் காட்டாத. குழம்பு தண்ணியாக் கெடக்கு. என்ன செய்ய?" என்று கிசுகிசுத்தார்.

அவளுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் தம்பி முன்னால் அவரைக் காட்டிக்கொடுக்க மனசில்லை; யாரோ தெரிந்த அக்காவிடம் பேசுவதுபோல் பேசினாள்.

"ஆமாக்கா, தீபாவளி நல்லாப் போகுது. குழம்புக்குத் தேங்காய அரச்சு ஊத்துங்க, சரியாப் போகும்."

"தேங்கா எங்க இருக்கு?"

"ஃப்ரிட்ஜுலதேன்க்கா. மேல்தட்டுல."

உதயகுமார் நிமிர்ந்து பார்த்தான். "அந்தக்கா வீட்டு ஃப்ரிட்ஜுல என்ன இருக்குன்னு ஒனக்கு எப்படிக்கா தெரியும்?"

அவள் பதில் தேடுவதற்குள் அடுப்படியில் மிக்ஸி உறுமத் தொடங்கியது. கையிலிருந்த போனிலும் அதே உறுமல். தங்கச்செல்வி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அத்தான், மாட்டிக்கிட்டீக!" என்று கத்தினான் உதயகுமார்.

கதவு திறந்தது. வேர்த்து விறுவிறுத்து, சட்டையெல்லாம் மஞ்சளாக நின்றார் சங்கரபாண்டியன்.

"சிரிக்கிறவுகளுக்குக் கறி கெடையாது. சாறு மட்டுந்தேன்."

சொன்னாரே தவிர, எல்லாருக்கும் இலை போட்டு, கறியை அள்ளி அள்ளி வைத்தார். கறி பஞ்சாக வெந்திருந்தது. உப்புத்தான் தூக்கல்.

"தண்ணி லாரிக்குச் சொல்லவா அத்தான்?" என்றான் உதயகுமார், மறுசோறு வாங்கிக்கொண்டே.

ரேணுகாதேவி தன் வீட்டில் பண்டிகையன்று முதல் பந்தியில் உட்கார்ந்ததே இல்லை. சோறு ஆவி பறக்க இலையில் விழுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு இன்னும் ரெண்டு கறி வைங்க."

"உப்பு கூடுதல்னு சொல்றாங்கள்ல?"

"எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்று அவள், குழம்பு ஊற்றச் சோற்றில் குழி பறித்துக் காட்டினாள்.