பாலத்தின் மேல் பன்னிரண்டு சதவீதம்

1

இது நான் தேடிப் போன கதையல்ல. நான் தினமும் ஏறும் பேருந்தின் ஓட்டுநர் இவெட், ஒரு நாள் கடைசி நிறுத்தத்தில் வண்டியைச் சார்ஜில் போட்டுவிட்டு என்னிடம் வந்தாள். “நீங்க கதை எழுதுவீங்களாமே? எனக்கு ஒண்ணு முடிச்சுத் தரணும்.”

எழுதித் தரச் சொல்லவில்லை. முடித்துத் தரச் சொன்னாள்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: வெண்பனிப் போர்வைக்குள் நகரம் மெல்லக் கண்

அந்த வரியை அடித்துவிட்டேன். மைனஸ் முப்பத்தெட்டில் பனியைப் போர்வை என்பவன் வீட்டுக்குள் உட்கார்ந்திருப்பவன். (ஊர்ப் பெயரைச் சொல்லப் போவதில்லை. ப்ரெய்ரிச் சமவெளியில் ஆறு ஓடும் ஏதோ ஓர் ஊர். பேருந்துத் துறையோடு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை.)

2

பிற்பகல். இவெட்டின் மின்சாரப் பேருந்து ஆற்றுப் பாலத்தின் நடுவில் நின்றது. முன்னால் ஒரு லாரி வழுக்கிக் கவிழ்ந்து பாதையை மறித்துக் கிடந்தது. பின்னால் கண்ணுக்கெட்டியவரை கார்கள்.

திரையில் பன்னிரண்டு சதவீதம். குளிரில் பேட்டரி பாதித் தூரம்தான் தாங்கும். மீதியைச் சூடு தின்றுவிடும். டீசலில் எரியும் துணை ஹீட்டர் காலையிலிருந்தே எரியவில்லை. ஆக, இருப்பதைக் கொண்டு உள்ளே சூடேற்றலாம், அல்லது வண்டியை நகர்த்தலாம்.

பின்னிருக்கையிலிருந்து ஹார்வி குரல் கொடுத்தான். “என்ன மகாராணி, தேர் நின்னுடுச்சா?”

ஹார்விக்கு இறங்கும் இடம் என்று ஒன்று கிடையாது. குளிர்காலம் முழுக்க அவனும் அவன் நாய் டியூக்கும் பேருந்தில்தான் சுற்றுவார்கள். இவெட் கண்டுகொள்வதில்லை.

அவள் இறங்கி, நின்ற கார்களின் கண்ணாடியை ஒவ்வொன்றாகத் தட்டினாள். “ஒரு ஆளுக்கு இடம் இருக்குமா? பஸ்ஸு ஆறிக்கிட்டே வருது.” ஜனங்கள் நல்லவர்கள். பயணிகள் எல்லோருக்கும் இடம் கிடைத்தது. ஹார்விக்கும் ஒருவர் கதவைத் திறந்தார். பிறகு நாயைப் பார்த்தார்.

“நாய் வேணாம்மா. என் பொண்ணுக்கு நாய் முடி ஒத்துக்காது, மூச்சுத் திணறிடும்.”

“அப்போ நானும் வேணாம்” என்று ஹார்வி திரும்பி ஏறிக்கொண்டான். பக்கத்துக் கார்களில் வேறு இடமும் இல்லை.

(இந்த இடத்தில் ஹார்வியை எனக்குச் சந்தேகம். இவ்வளவு வீம்பா? நாயை இவெட்டிடம் விட்டுவிட்டுப் போயிருக்கலாமே? அவளிடமே கேட்டேன். “நீங்க உங்க புள்ளைய விட்டுட்டுப் போவீங்களா?” என்றாள். நடந்தே பாலத்தைத் தாண்டியிருக்கலாமே என்பவர்கள் ஜனவரியில் அந்தப் பாலத்துக் காற்றில் ஒருமுறை நின்று பார்க்கவும்.)

3

ரேடியோவில் கட்டுப்பாட்டு அறை ராண்டி.

“இவெட், ஆளுங்கள இறக்கிட்டியா? சூட்டை அணைச்சிரு. பாலம் திறந்ததும் வண்டி நகரணும். உனக்கு ரொம்பப் பின்னாடி ஒரு ஆம்புலன்ஸ் மாட்டிக்கிட்டு நிக்குதாம். நீ செத்த வண்டியா நின்னா ஒருத்தரும் தாண்ட முடியாது.”

“இங்க இன்னும் ஒரு ஆள் இருக்கான்.”

“ஒரே ஆளா?”

“ஒரு ஆளு, ஒரு நாய்.”

“நீதான் பாத்து முடிவெடுக்கணும்” என்று சொல்லி ராண்டி நழுவிக்கொண்டான்.

பத்து. ஒன்பது.

“ஹார்வி, ஹீட்டரை அணைக்கப் போறேன்.”

“அணை. என்கிட்ட என்ன கேக்குற? நான் டிக்கெட்டே எடுக்கலையே.”

அணைத்தாள். தன் கழுத்துத் துண்டை அவன்மேல் எறிந்தாள். கண்ணாடிகள் உள்பக்கமே உறையத் தொடங்கின. “பேசிக்கிட்டே இருய்யா” என்றாள். அவன் டியூக்கிடம் பேசினான். பிறகு அதுவும் குறைந்தது. அணைத்த பின்னும் எண் இறங்கியது. பேட்டரி தன்னையே சூடாக வைத்துக்கொள்ள வேண்டுமே. ஏழு. ஆறு. இப்போது ஹீட்டரைப் போட்டால் வண்டி நகராது. போடாவிட்டால்

4

(மேலே உள்ள வாக்கியத்தை முடிக்க முயன்றேன். அவள் அன்று முடிக்காததை நான் முடிப்பானேன்?)

பாலம் திறந்தபோது நான்கு சதவீதம். அவள் திரும்பிப் பார்க்காமல் ஊர்ந்து அக்கரை சேர்ந்து ஓரங்கட்டினாள். கார்கள் போயின. ஆம்புலன்ஸ் அலறிக்கொண்டு போனது. அப்புறம்தான் பின்னிருக்கைக்கு ஓடினாள்.

ஹார்வியின் கையுறைகள் டியூக்கின் முன்னங்கால்களில் இருந்தன. வெறுங்கையால் நாயை அணைத்திருந்தான். விரல்கள் மெழுகு நிறத்தில் இருந்தன.

(கையுறை ரொம்ப உருக்கமாக இருக்கிறது என்று வெட்டிவிட்டேன். “நடந்ததை எப்படி வெட்டுவீங்க?” என்று அவள் திரும்பப் போடச் சொன்னாள்.)

ஹார்வியின் இடது கையில் உறைந்துபோன இரண்டு விரல்களை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. ஆம்புலன்ஸில் யார் இருந்தார், பிழைத்தாரா என்று அவளுக்குத் தெரியாது. “ஒரு குழந்தையை வெச்சு எழுதட்டுமா?” என்றேன்.

“வேணாம். எனக்குச் சாக்கு தேடாதீங்க.”

5

ஹார்வி இப்போதும் அவள் பேருந்தில்தான் ஏறுகிறான். அவள் வணக்கம் சொல்வாள். அவன் தலையை ஆட்டிவிட்டுப் பின்னால் போய்விடுவான். அந்த நாளைப் பற்றி ஒரு சொல் இல்லை. காலையில் அவன் நிற்கும் நிறுத்தம் நெருங்கும்போதே அவளுக்கு உள்ளங்கை வேர்க்கிறதாம்.

அவள் என்னிடம் கேட்டது அந்த ஒரு சொல்லைத்தான். “அவன் வாயில ஒரு வார்த்தை வையுங்க.”

மூன்று எழுதிக் காட்டினேன். ‘பரவால்ல விடு’ என்று ஒன்று. “இது நீங்க சொல்றது, அவன் சொல்றதில்ல” என்றாள். ‘உன்னாலதான் போச்சு’ என்று இன்னொன்று. அதற்கு அவள் ஆமென்று சட்டெனத் தலையாட்டிய வேகத்தைப் பார்த்து நானே கிழித்துப் போட்டேன். மூன்றாவது ஒரு வேடிக்கைப் பேச்சு. சிரித்தாள், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். அதுவும் இல்லை.

இன்று காலை நானும் அந்தப் பேருந்தில் இருக்கிறேன். ஹார்வி படியேறுகிறான். நாய் பின்னால் போய்விட்டது. அவன் போகவில்லை, அவள் பக்கத்திலேயே கம்பியைப் பிடித்தபடி நிற்கிறான். வாயைத் திறக்கிறான்.

என்னிடம் வார்த்தை இல்லை. உங்களிடம் இருந்தால் சொல்லுங்கள். சீக்கிரம், வெளியே எல்லோரும் ஹாரன் அடிக்கிறார்கள். கதவு மூடியாகிவிட்டது, அவள் இன்னும் பிரேக்கை விடுவிக்கவில்லை.