முன்னறை வாக்குச்சாவடி

ஐம்பத்தாறாம் வருஷம் ஜூன் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை பத்தனோ கதவைத் தட்டியபோது டெலிமா பிராபான் பட்டாணியை ஊறப்போட்டுக்கொண்டிருந்தாள். தட்டிய விதத்திலேயே ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. அவர் எப்போதும் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் உள்ளே வந்துவிடுவார்.

"என்ன மதாம், சூப்பா? ஒரு கிண்ணம் குடிச்சிட்டுப் போன்னு மூக்கு சொல்லுது" என்றபடி தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"இன்னும் அடுப்புலயே ஏத்தல முசியே."

"அப்ப புதன்கிழமைக்குப் போதும்."

அடுத்த வாரம் புதன்கிழமை மாகாணத் தேர்தல். கனடாவில், பிரெஞ்சு பேசும் மொந்திரியாலின் கிழக்குப் பக்கத்தில், ரயில் பாதைக்கும் ஆற்றுக்கும் நடுவே நெருக்கியடித்துக் கிடக்கும் சேன் ரேமி தொகுதியில் வாக்குச்சாவடிகள் அப்போதெல்லாம் வீடுகளில்தான் நடக்கும். மேர்லோ தெருவின் இந்தப் பக்கத்துக்கு டெலிமா வீட்டின் முன்னறை. தரைத்தளம், வாசல் தெருவைப் பார்த்து இருக்கும், நடைக்கதவைச் சாத்தினால் முன்னறை தனி. முப்பத்தைந்தாம் வருஷத்திலிருந்து அப்படித்தான்.

அந்த அறையிலிருந்தே அவள் தொகுதியின் அரசியலைப் பார்த்திருந்தாள். முப்பத்தைந்தில் சிவப்புக் கட்சியின் சவப்பெட்டிக் கடைக்காரர் ஜெயித்தார். இருபது வருஷமாக ஜெயித்துவந்தவர், குளிர்காலத்தில் வீட்டுக்கு வீடு நிலக்கரி அனுப்புவார். அடுத்த வருஷமே நீலக் கட்சி அவரைத் தோற்கடித்தது. முப்பத்தொன்பதில் மறுபடி சிவப்பு. ஓட்டுப்பெட்டி இவள் வீட்டில்தான் இருந்தது, ஆனால் பெண்களுக்கு மாகாணத்தில் ஓட்டு கிடையாது. காலையிலிருந்து மாலைவரை வந்தவர்களுக்கெல்லாம் தேநீர் கொடுத்ததோடு சரி. நாற்பத்துநான்கில் முதல்முறை போட்டாள். கணவன் வில்பிரோ டிராம் உடுப்போடு பக்கத்தில் நின்று, "யாருக்குன்னு எனக்கும் சொல்லாத" என்று சிரித்தான். அந்த முறை அறுபத்தொரு ஓட்டில் நீலம் வந்தது. அதற்குப் பிறகு நீலம் போகவே இல்லை. எல்லை மாற்றி வரைந்தார்கள், பாதைக்கு அந்தப்புறத்து ஆங்கிலக்காரத் தெருக்கள் வேறு தொகுதிக்குப் போயின. ஆள் பிடிப்பதும் பெட்டி மாற்றுவதும் இரண்டு கட்சிக்காரர்களுமே செய்ததுதான். ஐம்பத்திரண்டில்தான் நீலக் கட்சி ஆட்கள் முதல்முறையாகக் கட்டையை எடுத்தார்கள். எதிர்வீட்டுச் சாவடியில் புகுந்து சிவப்புக் கட்சியின் முகவரை அடித்தார்கள். அவர்தான் நாவிதர் தெரோஷே. வலது கையில் மூன்று விரல் ஒடிந்தது. அவர் அலறியதை டெலிமா திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து கேட்டாள். அடுத்த ஜனவரியில் வில்பிரோ நெஞ்சுவலியில் போய்விட்டான்.

பத்தனோ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நீலக் கட்சிக்குத் தொகுதியில் எல்லாமே அவர்தான்.

"இந்தத் தடவ நீங்களே எழுத்தர் மதாம். வர்றவங்க சொல்ற பேர நோட்டுல எழுதணும், அவ்வளவுதான். மூஞ்சியப் பாக்க வேணாம், பேர மட்டும் எழுதுங்க."

"எனக்கு அதெல்லாம் பழக்கமில்ல முசியே."

"கையெழுத்து அழகா இருக்குமாமே, ரேயால் சொன்னான். நல்ல பையன் உங்க மகன். மாகாண அரசு சாலை கராஜ்ல அவன மாதிரி லாரி ஓட்ட ஆளில்ல. செப்டம்பர்ல கல்யாணமாமே?"

"ஆமா."

"நல்லபடியா நடக்கணும்." எழுந்து தொப்பியைப் போட்டுக்கொண்டார். "இன்னொண்ணு. அன்னிக்கு மூணு மணிக்கு நீங்க சமையலறைக்குப் போயி சூப்பக் கிளறிட்டு இருங்க. ஒரு கால் மணி நேரம். என்ன சத்தம் கேட்டாலும் சூப்புத்தான் முக்கியம்."

அவர் போன பிறகும் அவள் பட்டாணிச் சட்டியைப் பிடித்தபடியே நின்றாள். கை தண்ணீருக்குள் சில்லிட்டுப் போயிருந்தது.

சாயங்காலம் ரேயால் வந்ததும் சொன்னாள். அவன் பூட்ஸைக் கழற்றிக்கொண்டே தலையைத் தூக்காமல் கேட்டான்.

"அவரு சொல்றத செஞ்சிரும்மா. நமக்கு எதுக்கு வம்பு?"

"மூணு மணிக்கு என்னடா நடக்கப்போவுது?"

"எனக்கெப்படித் தெரியும்? அன்னிக்கு நான் ஊர்லயே இல்ல. ஜோலியெத்துக்கு ஜல்லி ஏத்திட்டுப் போறேன்."

வெள்ளிக்கிழமை வாக்காளர் பட்டியலைத் தந்திக் கம்பத்தில் ஒட்டினார்கள். ரொட்டி வாங்கப் போனவள் நின்று வாசித்தாள். அந்தச் சாவடிக்கு இருநூற்றுப் பன்னிரண்டு பேர். குழந்தை குட்டிகளைச் சேர்த்தால்தான் அத்தனை பேர் வருவார்கள். தன் பெயரைத் தேடிக்கொண்டே வந்த விரல் அதற்கு மேல்வரியில் நின்றது. பிராபான், வில்பிரோ, டிராம் நடத்துநர்.

யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தாள். தெருக்கோடியில் ஒரு கறுப்புக் கார் நின்றது. உள்ளே இருந்தவன் செய்தித்தாளைத் தாழ்த்தவில்லை. ரொட்டி வாங்காமலே வீட்டுக்கு வந்து கதவைத் தாழ்போட்டாள். ரேயாலிடம் இதைச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை பாவசங்கீர்த்தனத்திலும் சொல்லவில்லை. சாமியார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார் என்று ஊருக்கே தெரியும்.

புதன்கிழமை எட்டு மணிக்கு முன்னறை தயாராகிவிட்டது. மேசைக்குப் பின்னால் சாவடி அதிகாரி கரியெப்பி, பத்தனோவின் மைத்துனர். பக்கத்தில் நோட்டோடு டெலிமா. சுவரோரம் சிவப்புக் கட்சியின் முகவராக ஒருவர் வந்து உட்கார்ந்தார். அவள் நிமிர்ந்து பார்த்தாள். தெரோஷே. விரல்கள் கோணலாய் ஒட்டியிருந்த வலது கையை மடியில் போட்டுக்கொண்டு இடது கையால் ஒரு சின்னக் கறுப்பு நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டார்.

"மறுபடியும் வந்துட்டீங்களா முசியே தெரோஷே?" என்றார் கரியெப்பி.

"இன்னொரு கை இருக்கே" என்றார் அவர். சிரித்தார், ஆனால் கழுத்து நரம்பு துடிப்பதை டெலிமா பார்த்தாள்.

பதினொரு மணிவரை அக்கம்பக்கத்தவர்தான் வந்தார்கள். அப்புறம் கார்கள் வரத் தொடங்கின. நாலு பேர், ஐந்து பேராக இறங்கினார்கள். கையில் துண்டுச்சீட்டு. அதைப் பார்த்துப் பெயரைச் சொன்னார்கள். ஒருவன் தன் பெயரையே தப்பாக வாசித்துவிட்டுத் திருத்திக்கொண்டான். டெலிமா மூஞ்சியைப் பார்க்காமல் எழுதினாள். தெரோஷேவும் எழுதினார். மதியம் மாடிவீட்டு மதாம் கூய்மோன் ஓட்டுப் போட வந்தாள்.

"நீங்க ஏற்கெனவே போட்டாச்சு மதாம்" என்றார் கரியெப்பி.

"நானா? இப்பத்தான்யா துணி காயப்போட்டுட்டு இறங்கி வர்றேன்!"

"நோட்டுல இருக்கே."

மதாம் கூய்மோன் டெலிமாவைப் பார்த்தாள். டெலிமா மைக்கூட்டைப் பார்த்தாள். "ஏன் டெலிமா, எம் பேர வேற ஒருத்தி சொல்றப்ப உனக்கு நாக்கு இல்லாமப் போச்சா?" என்று கேட்டுவிட்டு அந்த அம்மாள் படியேறிப் போனாள்.

இரண்டரை மணி இருக்கும். புதுத் தொப்பி போட்ட ஒருவன் வந்தான். இருபத்தைந்து வயதுக்குமேல் சொல்ல முடியாது.

"பிராபான், வில்பிரோ. டிராம் நடத்துநர்."

அவள் பேனா நின்றுவிட்டது. வாசற்படியில் பத்தனோ சுருட்டோடு வந்து நின்றார்.

"ஆட்சேபிக்கிறேன்!" தெரோஷே எழுந்துவிட்டார். "வில்பிரோவுக்கு நாந்தான் கடைசியா சவரம் பண்ணினேன், சவப்பெட்டியில வெச்சு! அவரு பெண்சாதி இதோ உக்காந்திருக்காங்க, கேளுங்க!"

கரியெப்பி அவள் பக்கம் திரும்பினார். "மதாம், ஏதாவது சொல்லணுமா?"

எல்லாரும் அவளையே பார்த்தார்கள். பத்தனோ பார்க்கவில்லை, சுருட்டின் சாம்பலைத் தட்டினார். ரேயாலின் லாரி, செப்டம்பர் கல்யாணம், எதிர்வீட்டிலிருந்து வந்த அலறல் எல்லாம் ஒன்றாக நினைவுக்கு வந்தன.

"பட்டியல்ல பேரு இருக்கு" என்றாள். எழுதினாள். அந்தப் பெயரைக் கடைசியாக அவள் எழுதியது இறப்புப் பத்திரத்துக்கான விண்ணப்பத்தில். புதுத் தொப்பிக்காரன் போகும்போது அவளுக்குக் கண்ணடித்தான்.

தெரோஷே தன் நோட்டில் ஒரு வரி எழுதிவிட்டு உட்கார்ந்தார்.

மூன்று அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கையில் பத்தனோ, "மதாம், சூப்பு அடிப்பிடிக்கப் போவுது" என்றார்.

அவள் எழுந்து போனாள். போகும்போது தெரோஷேவைப் பார்த்து ஒரு சொல், ஒரு கண்சாடை, எதுவுமில்லை. நடைக்கதவைச் சாத்திவிட்டு அடுப்பின் முன்னால் நின்று கரண்டியைப் பிடித்தாள். கடிகாரம் மூன்று அடித்தது. தெருவில் கார்க் கதவுகள் படபடவென்று திறந்தன. கனத்த காலடிகள். அப்புறம் மேசை கவிழும் சத்தம், கண்ணாடி நொறுங்கும் சத்தம், மரம் எலும்பில் படுகிற அந்தச் சத்தம். அவள் கிளறிக்கொண்டே இருந்தாள்.

நடைக்கதவு திறந்துகொண்டது. தெரோஷே தவழ்ந்து வந்தார். காதோரம் ரத்தம் சட்டைக் காலருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. கதவை மூடி அவரை வெளியிலேயே விட்டுவிடத்தான் அவளுக்கு முதலில் தோன்றியது. அதைப் பிற்பாடு அவள் யாரிடமும் மறைத்ததில்லை. ஆனால் அவர் இரண்டு கைகளையும் அக்குளுக்குள் செருகிக்கொண்டு, "கை வேணாம், மதாம். கைய மட்டும் விட்டுரச் சொல்லுங்க" என்று முனகினார்.

அவள் கரண்டியைப் போட்டாள். நடைக்கதவைத் தாழிட்டு, அவரைத் தோளோடு பிடித்துத் தூக்கி, பின்வாசலைத் திறந்து கொல்லைச் சந்துக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

சந்தில் ஒரு லாரி உறுமிக்கொண்டு நின்றது. மாகாண சாலை கராஜின் லாரி. ஓட்டுநர் இருக்கையில் ரேயால்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"வண்டிய மட்டும் நிறுத்திட்டு உக்காந்திருன்னாங்கம்மா. நான் கட்டையத் தொடக்கூட இல்ல."

"கதவத் தொற."

"அம்மா, இவனுங்கள எறக்கிவிட்டுட்டு காருங்க போயிரும், திரும்பிப் போறதே இந்த வண்டியிலதான். நான் போயிட்டா என்னச் சும்மா விடமாட்டானுங்க."

"தொறடான்னா!"

உள்ளே தாழ்ப்பாளை உடைக்கிற சத்தம் கேட்டது. ரேயால் எட்டிக் கதவைத் திறந்தான். இரண்டு பேருமாகத் தெரோஷேவை உள்ளே தள்ளினார்கள். "நீயும் ஏறும்மா" என்றான். அவள் மாட்டேன் என்று தலையாட்டினாள். அது அவள் வீடு, வேறு எங்கே போவாள்? லாரி சந்து முனையில் திரும்பியதும் அவள் உள்ளே ஓடிவந்து கரண்டியை எடுத்துக்கொண்டாள்.

தாழ்ப்பாள் தெறித்தது. ஒருவன் மட்டையோடு வந்தான். கைக்குட்டையால் முகத்தை மூடியிருந்தான்.

"எங்க அவன்?"

"பின்பக்கமா ஓடிட்டான்."

அவன் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தான். "லாரி எங்க?"

"எந்த லாரி?"

அவள் தலைக்குமேல் மட்டை உயர்ந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அடி சூப்புச் சட்டியில் விழுந்தது. கொதிக்கிற சூப்பு அவள் பாவாடையிலும் காலிலும் தெறித்தது.

பத்தனோ உள்ளே வந்தார். தரையில் பரவிக் கிடந்ததைப் பார்த்தார், திறந்து கிடந்த பின்வாசலைப் பார்த்தார்.

"ரேயால்தானே ஓட்டினான்?" என்றார். கோபமே இல்லை குரலில். "துடைச்சிட்டு வாங்க மதாம். வழுக்கி விழுந்துறப் போறீங்க. ஆறு மணிவரைக்கும் நோட்டு எழுதணும்."

அவள் துடைத்தாள். காலில் வெண்ணெயைத் தடவிக்கொண்டு போய் உட்கார்ந்தாள். நிமிர்த்திவைத்த மேசையில், ஆளில்லாத அறையில், கரியெப்பி பட்டியலைப் பார்த்துப் பெயர்களை வாசிக்க வாசிக்க ஆறு மணிவரை எழுதினாள். எண்ணியபோது நீலத்துக்கு நூற்றெண்பத்தெட்டு. தொகுதி முழுவதும் அப்படித்தான் என்று மறுநாள் செய்தித்தாளில் வந்தது.

ரேயால் தெரோஷேவை மருத்துவமனையில் விட்டுவிட்டு, லாரியைக் கராஜ் வாசலில் நிறுத்திவிட்டு, நடந்தே வீட்டுக்கு வந்தான். வெள்ளிக்கிழமை அவனை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அதோடு முடியவில்லை. தெருமுனையில் இரண்டு பேர் காலையிலிருந்து இருட்டும்வரை நின்றார்கள். ஒன்றும் செய்யவில்லை, நின்றார்கள், அவ்வளவுதான். பதினைந்தாம் நாள் ரேயால் பையை எடுத்துக்கொண்டு வடக்கே சுரங்க வேலைக்குக் கிளம்பிவிட்டான். செப்டம்பரில் நடக்கவேண்டிய கல்யாணம் பிப்ரவரியில், அங்கே, பனிக்குள் நடந்தது. டெலிமா போகவில்லை. வீட்டைப் பூட்டிவிட்டுப் போனால் திரும்பி வரும்போது என்ன இருக்கும் என்று பயந்தாள்.

தோற்ற சிவப்பு வேட்பாளர் வழக்குப் போட்டார். டெலிமாவைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். முதல் வரிசையில் பத்தனோ உட்கார்ந்திருந்தார். கணவர் எப்போது இறந்தார் என்று கேட்டார்கள். ஐம்பத்துமூன்று ஜனவரி பதினேழு என்றாள். அப்படியானால் அந்தப் பெயரை நோட்டில் எழுதியது யார்?

"நான்தான் ஐயா" என்றாள். "பயத்துல எழுதினேன்."

அன்று தெரோஷே சட்டைக்குள் ஒளித்துக் கொண்டுபோயிருந்த கறுப்பு நோட்டையும் சாட்சியமாக எடுத்துக்கொண்டார்கள். மூன்று மாதம் கழித்து வேட்பாளர் வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். காரணம் சொல்லவில்லை. தெரோஷே ஒரு நாள் வந்து, "பரவால்ல மதாம், நீங்க சொன்னது ஒரு காகிதத்துலயாவது இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தக் காகிதம் யார் கையில் இருக்கிறதோ என்றுதான் அவள் அன்று முழுதும் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அறுபதாம் வருஷம் காற்று மாறியது. சேன் ரேமியிலும் சிவப்பு வந்தது. அந்தத் தேர்தலுக்குச் சாவடியைப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றிவிட்டார்கள். இனி வீடுகளில் கிடையாது என்றார்கள். டெலிமா நம்பவில்லை. அதற்குள்ளாகவே அவள் அதே கட்டடத்தின் மூன்றாம் மாடிக்குக் குடிமாறியிருந்தாள். முழங்கால் வலியோடு வெளிப்புற இரும்புப் படிகள் முப்பத்தெட்டையும் ஏறி இறங்கினாள். அந்த உயரத்துக்கு யாரும் பெட்டியைத் தூக்கிவரமாட்டார்கள். வருகிறவர்களின் கால் கீழ்ப்படியில் பட்டதுமே மேலே சத்தம் கேட்கும். அது யாருடைய கால் என்று புரியும்வரை அவள் கையில் இருப்பதை அப்படியே பிடித்தபடி நிற்பாள்.