வீட்டுக்காரர் உயிரோடு இருக்கிறாரா?

சிவநாதன் மாரிக்கண்ணுவுக்குக் கொடுக்க வேண்டியது இரண்டு லட்சத்துப் பதினேழாயிரத்து ஐந்நூறு ரூபாய். இரண்டு லட்சம் வீட்டுக்கு முன்பணம். மிச்சப் பதினேழாயிரத்து ஐந்நூறு, கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத்தாள் செலவு, எழுதுகிற கூலி என்று சொல்லித் தனியாக வாங்கியது. வாங்கின அன்றைக்கு அது கடன் என்று யாரும் நினைக்கவில்லை. வீட்டுக்குக் கொடுக்கிறோம் என்றுதான் மாரிக்கண்ணுவும் அவள் மகள் கீர்த்திகாவும் நினைத்துக் கொடுத்தார்கள்.

மாரிக்கண்ணு சித்தாள் வேலைக்குப் போகிறவள். முப்பது வருசமாகக் கலவையும் செங்கல்லும் சுமந்த தலை. கோட்டுச்சேரியில் வாடகை வீடு. புருசன் லாரி மோதிச் செத்ததற்கு ஆறு வருசம் கோர்ட்டுக்கு அலைந்து வாங்கிய ஏழு லட்சம் பாங்கில் கிடந்தது. ஒரு நல்லது கெட்டதுக்குக்கூட அதைத் தொடாமல் வைத்திருந்தாள். அப்போதுதான் வாடகைக்கு விட்டவர், மகனுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறோம், தை பிறந்ததும் காலி பண்ணிக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டார்.

அந்த நேரம் பார்த்துத்தான் சிவநாதன் வந்தான். பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறவன், கூடவே வீடு மனை வாங்கி விற்றுக் கொடுக்கிறவன். ஆர்மான் என்று வயசான ஒருத்தர் பிரான்சு ராணுவத்தில் இருந்து பென்சன் வாங்கிக்கொண்டு அங்கேயே குடும்பத்தோடு இருக்கிறார், அவருடைய ஓட்டு வீடு ரெண்டு தெரு தள்ளிப் பூட்டிக் கிடக்கிறது, அதை விற்றுக் கொடுக்கத் தனக்குப் பவர் எழுதிக் கொடுத்திருக்கிறார் என்றான். பதினைந்து லட்சம் போகும், ரொக்கமாகக் கொடுத்தால் ஒன்பதுக்கு முடித்துத் தருகிறேன் என்றான்.

ஆறு லட்சம் சும்மா குறையுமா? வீட்டுக்கு ஏதோ நோவு இருக்கிறது என்று மாரிக்கண்ணுவுக்கு அப்போதே பட்டது. ஒரு தரம் உச்சி வெயிலில் போய்ப் பார்த்தாள். இன்னொரு தரம் நல்ல மழை பெய்து விட்ட கையோடு போய்ப் பார்த்தாள். விலைக்கு வாங்கப் போகிற வீட்டை மழையில் பார்க்காதவன் வீட்டையே பார்க்கவில்லை என்பது அவள் கணக்கு. சுவரின் அடிப்பூச்சை நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்துப் பார்த்தாள். கடல் மணலில் பூசியிருந்தால் கரிக்கும். கரிக்கவில்லை. உத்திரத்தில் ஆணியைக் குத்திப் பார்த்தாள், கரையான் இல்லை. அடிபம்புத் தண்ணீரைக் குடித்துப் பார்த்தாள். அடுத்த வீட்டில் போய்க் கழிவுத் தண்ணீர் எங்கே போகிறது, பாதைக்கு ஏதும் சண்டை உண்டா என்று கேட்டாள். கீர்த்திகாவுக்கு மானம் போனது. ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிற பெண், நாலு பேர் பார்க்க அம்மா சுவரை நக்கிக்கொண்டு நின்றால் எப்படி இருக்கும்.

வில்லங்கச் சான்றும் கேட்டு வாங்கினாள். முப்பது வருசத்துக்குப் போட்டது. மாரிக்கண்ணு நாற்பது வயசுக்கு மேல் அங்கன்வாடிக் கட்டிடத்தில் சாயங்கால வகுப்பில் உட்கார்ந்து எழுத்துப் படித்தவள். இங்கிலீஷ் எழுத்து சிமெண்டு மூட்டையிலும் பஸ் போர்டிலும் பார்த்துப் பார்த்து வந்தது. அந்தச் சான்றை எழுத்து எழுத்தாகக் கூட்டி நாலு நாள் படித்தாள். அடமானம் இல்லை, வழக்கு இல்லை. அதற்குப் பிறகுதான் கிரய உடன்படிக்கை எழுதிக்கொண்டு, சீட்டுப் பணம் ஒரு லட்சத்து இருபதாயிரமும் கீர்த்திகாவின் சங்கிலியை விற்ற எண்பதாயிரமும் கைமாறியது. பதினேழாயிரத்து ஐந்நூறு கீர்த்திகா கடையில் முன்பணமாக வாங்கியது. மிச்சம் ஏழு லட்சம் பதிவு அன்றைக்கு.

வீட்டை அவ்வளவு பார்த்தவள் வீட்டுக்காரரைப் பார்க்கவில்லை. வில்லங்கச் சான்றில் யார் அடகு வைத்தார் என்று இருக்கும், யார் செத்தார் என்று இருக்காது. அது அப்போது அவளுக்குத் தெரியாது.

பணம் கொடுத்த பிறகு, வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை போனில் பேசிவிட்டால் மனசுக்கு நிம்மதி என்று சிவநாதனிடம் கேட்டாள். காலையில் கேட்டாள். அங்கே இப்போது விடியவே இல்லை, தூங்குகிற நேரம் என்றான். சரி என்று சாயங்காலம் வேலை விட்டு வந்து கேட்டாள். இப்போது வேலை நேரம் அக்கா, எடுக்க மாட்டார் என்றான். வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசையும்போதுதான் அவளுக்கு உறைத்தது. பென்சன் வாங்குகிற ஆள், எண்பது வயசாவது இருக்கும். அவருக்கு என்ன வேலை நேரம்?

கீர்த்திகாவிடம் சொன்னாள். அவள் தட்டை வைத்துவிட்டு, "ஒனக்கு என்னம்மா, செத்தவனை எழுப்பிக் கேட்டாலும் நம்ப மாட்டே. தை வருது, தெருவுலயா நிக்கிறது?" என்றாள்.

செத்தவன் என்று மகள் வாயில் வந்த சொல் மாரிக்கண்ணுவுக்கு அன்றைக்கு முழுக்க இறங்கவில்லை.

காரைக்காலில் ஒர்த்தான்ஸ் மதாம் என்கிற அம்மாள் வீட்டில் போன மாதம் மாரிக்கண்ணு மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர் வேலைக்குப் போயிருந்தாள். மதாமும் பிரான்சு பென்சன்காரர்தான், அவர் புருசன் அந்த ராணுவத்தில் இருந்தவர். ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வரும் நேரம் பார்த்து மாரிக்கண்ணு போய் நின்றாள். கதையை எல்லாம் கேட்டுவிட்டு மதாம் உள்ளே போய் ஒரு தாளைக் கொண்டுவந்தார். வருசா வருசம் தான் உயிரோடு இருப்பதாக ஆபீசில் போய் நின்று சீல் வாங்கி அனுப்புகிற தாள். அது போகாவிட்டால் பென்சன் நின்றுவிடும்.

"பவர் கொடுத்தவன் செத்தா பவரும் அன்னைக்கே செத்துச்சு, மாரி. அப்புறம் பொண்டாட்டி புள்ளைங்க எல்லாரும் கையெழுத்துப் போட்டாத்தான் வீடு. அந்த ஆர்மான் உயிரோட இருந்தா இது மாதிரி ஒண்ணு அவருகிட்டயும் இருக்கும். அதைக் கேளு."

மாரிக்கண்ணு அந்தத் தாளின் தலைப்பை விரல் வைத்துக் கூட்டிப் பார்த்தாள். கடைசிச் சொல் மூன்றே எழுத்து. வி, ஐ, இ. பிரெஞ்சில் அதற்கு உயிர் என்று அர்த்தம், வீ என்று சொல்ல வேண்டும் என்றார் மதாம். மூன்று எழுத்தையும் அவள் மனசில் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் சிவநாதனிடம் போய் உயிர்த்தாள் கேட்டாள். அவன் சிரித்தான். ஊரில் எத்தனை கிரயம் முடித்திருக்கிறேன், ஒருத்தரும் இப்படிக் கேட்டதில்லை, அக்கா எழுத்துப் படித்ததே தப்பாகப் போய்விட்டது என்றான். கடையில் நின்ற ரெண்டு பேரும் சிரித்தார்கள். நல்ல வீடு, கேட்க நாலு பேர் வரிசையில் நிற்கிறார்கள், வேண்டாம் என்றால் சொல்லிவிடுங்கள் என்றும் சொன்னான். முன்பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்று மட்டும் சொல்லவில்லை. அதையும் அவள் கவனித்துக்கொண்டாள். தாளைக் காட்டினால் அன்றைக்கே ஏழு லட்சத்தையும் எடுத்து வருகிறேன் என்றாள்.

ஏழு லட்சம் என்றதும் அவன் சிரிப்பு கொஞ்சம் இறங்கியது.

நாலு நாளில் தாள் வந்துவிட்டது. மேலே பிரான்சு முத்திரை, கீழே வட்டச் சீல், எல்லாம் பிரெஞ்சு. ஆர்மானின் பேர் நடுவில் பெரிய எழுத்தில் இருந்தது. மேரியில், அதாவது அந்த ஊர் நகராட்சியில் கொடுத்தது என்று சொல்லி ஒரு நகலை அவளிடம் கொடுத்தான். வெள்ளிக்கிழமை பதிவு என்றும் நாள் குறித்துவிட்டான். கீர்த்திகா நிம்மதியாகப் பெருமூச்சு விட்டாள். இப்போதாவது நம்புவாயா என்று கேட்டாள்.

மாரிக்கண்ணு விளக்கடியில் உட்கார்ந்து தலைப்பைக் கூட்டினாள். தமிழையே கூட்டிக் கூட்டித்தான் படிப்பாள், பிரெஞ்சு எங்கே தெரியும். எழுத்தை எண்ணத் தெரியும். கடைசிச் சொல்லில் ஐந்து எழுத்து இருந்தது. டி-யில் தொடங்கி எஸ்-ஸில் முடிந்தது. நடுவில் ரெண்டு எழுத்துக்குத் தலையில் கோடு கிழித்திருந்தது. வி அந்தச் சொல்லில் எங்கேயும் இல்லை.

மறுநாள் சித்தாள் வேலைக்குப் போகவில்லை. ஐந்நூறு ரூபாய்க் கூலி போனது. பஸ் பிடித்து மதாம் வீட்டுக்குப் போனாள். மதாம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளை ஒரு தரம் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு தரம் பார்த்தார்.

"இது உயிர்த்தாள் இல்லம்மா. சாவுத்தாள். மனுசன் செத்து மூணு வருசம் ஆவுது."

பிரான்சில் இருக்கிற காரைக்கால்காரர்களுக்கு ஒருத்தரை ஒருத்தர் தெரியும். மதாம் ரெண்டு இடத்தில் போன் போட்டு மூன்றாவதில் ஆர்மானின் மகள் கரீனைப் பிடித்துவிட்டார். கரீனுக்கு வீடு விலை பேசியிருப்பதே தெரியாது. அப்பா போனதும் கரண்டுக் கணக்கில் பேரை மாற்றச் சொல்லி அந்தத் தாளைச் சிவநாதனுக்கு அனுப்பியதே தான்தான் என்றாள். வீட்டைக் கூட்டிப் பெருக்க மாதம் இவ்வளவு என்று இன்னும் அவனுக்குப் பணம் போய்க்கொண்டிருந்ததாம்.

புதன்கிழமை மாரிக்கண்ணு மகளைக் கூட்டிக்கொண்டு ஜெராக்ஸ் கடைக்குப் போனாள். வழியில் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் கீர்த்திகா பாதித் தெருவிலேயே கத்தத் தொடங்கிவிடுவாள். சிவநாதன் பெஞ்சைத் துடைத்து உட்காரச் சொல்லி டீ வரவழைத்தான். மாரிக்கண்ணு டீயைத் தொடவில்லை. தாளை எடுத்து அவன் முன்னால் வைத்தாள்.

"எனக்கு இது புரியல தம்பி. நீங்களே ஒரு தரம் படிச்சுச் சொல்லுங்க."

அவன் தாளைக் கையில் எடுத்தான். வரி வரியாகக் கண்ணை ஓட்டினான். "ஆர்மான்ங்கிறவரு உயிரோட, நல்ல சுகத்தோட இருக்காருன்னு மேரியில எழுதிக் குடுத்திருக்காங்க. கீழ அதிகாரி கையெழுத்து."

"உயிருன்னா அவங்க பாசையில வீயாமே. அதை எங்க எழுதியிருக்குன்னு வெரலை வச்சுக் காட்டுங்க."

சிவநாதன் விரல் தாளின் மேல் அங்கேயும் இங்கேயும் போனது. எங்கேயும் நிற்கவில்லை. தனக்கு மட்டும் பிரெஞ்சு தெரியுமா அக்கா, வந்ததைக் கொடுத்தேன் என்றான். மாரிக்கண்ணு கீர்த்திகாவின் போனை வாங்கி, மதாம் எழுதிக் கொடுத்திருந்த எண்ணைப் போடச் சொன்னாள். கரீன் எடுத்தாள். அவள் தமிழ் கொஞ்சம் தட்டித் தட்டித்தான் வந்தது.

"சிவநாதன், அப்பா செத்துட்டாரு. ஒங்களுக்குத் தெரியும். பத்து நாள்ல இவங்க பணம் முழுக்கக் குடுங்க. இல்லன்னா நான் அங்க போலீசுக்கு எழுதறேன்."

கீர்த்திகா அம்மாவைப் பார்த்தாள். ஆறிக்கொண்டிருந்த டீயை எடுத்து ஒரே மூச்சில் குடித்தாள்.

ஐந்தாம் நாள் ஒரு லட்சத்து நாற்பதாயிரம் வந்தது. எட்டாம் நாள் தன் பைக்கை விற்று அறுபதாயிரம் கொண்டுவந்தான். பதினேழாயிரத்து ஐந்நூறு செலவாகிப் போனது, அதை மட்டும் விட்டுவிடுங்கள் என்றான். முத்திரைத்தாள் வாங்கியிருந்தால் அந்தத் தாளையாவது கொடு என்று கேட்டாள் மாரிக்கண்ணு. தாள் இல்லை. எழுதினவர் கூலி என்றான். எழுதினதைக் காட்டு என்றாள். எழுதினதும் இல்லை. கீர்த்திகாவுக்கே மனசு இளகி, போகட்டும்மா, வந்தவரைக்கும் லாபம் என்றாள். உன் ரெண்டு மாசச் சம்பளத்தில் பிடிக்கிறார்களே, அதைக் கடைக்காரர் விட்டுவிடுவாரா என்று கேட்டாள் தாய்.

இதற்கு நடுவில் கரீன் மதாம் மூலமாகச் சொல்லி அனுப்பியிருந்தாள். என் தம்பி விடுமுறைக்கு வரும்போது எல்லா வாரிசும் கையெழுத்துப் போட்டு அந்த வீட்டைக் கொடுக்கிறோம், பதிமூன்று லட்சம் என்று. நல்ல மனுசிதான். ஆனால் பதிமூன்று லட்சத்துக்கு மாரிக்கண்ணு எங்கே போவாள். தவிர, எத்தனை வாரிசு என்று யார் சொல்வது, கரீன் சொல்வதை வைத்து நம்பிவிட முடியுமா. பார்க்கலாம் என்று மட்டும் பதில் சொல்லி அனுப்பினாள். மார்கழிக் கடைசியில் அதே கோட்டுச்சேரியில் வேறொரு வாடகை வீட்டுக்குச் சாமான்களை மாற்றினார்கள்.

பத்தாம் நாள் சிவநாதன் அந்தப் புது வீட்டு வாசலுக்கே வந்தான். உள்ளே கூப்பிடவில்லை, அவனும் வரப் பார்க்கவில்லை. நோட்டுக் கட்டை நீட்டினான். மாரிக்கண்ணு எண்ணி மகளிடம் கொடுத்தாள். கீர்த்திகா எண்ணி, ஐந்நூறு ரூபாய் நோட்டு ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். முப்பத்தைந்து நோட்டு. ஒன்றை மட்டும் மாற்றித் தரச் சொன்னாள், ஓரம் கிழிந்திருந்தது. அவன் சட்டைப்பையில் இருந்து வேறு நோட்டு எடுத்துக் கொடுத்தான். வாங்கிக்கொண்டதாக எழுதிக் கொடுங்கள், அந்தப் பிள்ளை நாளைக்கும் பிரான்சில் இருந்து போன் போடும் என்றான்.

மாரிக்கண்ணு பழைய கிரய உடன்படிக்கையை எடுத்துவந்து, அதன் பின்பக்கத்தில் கால்மணி நேரம் எடுத்து எழுதினாள். கொடுத்த ரூபாய் இரண்டு லட்சத்துப் பதினேழாயிரத்து ஐந்நூறும் வந்து சேர்ந்தது, இனி பாக்கி இல்லை. தேதி போட்டு முழுப்பேரையும் எழுதி, நகல் எடுத்து வரச் சொல்லிக் கீர்த்திகாவை வேறு ஜெராக்ஸ் கடைக்கு அனுப்பினாள். நகலைத்தான் சிவநாதனிடம் கொடுத்தாள்.