மூன்றாம் அறை வெளிச்சம்

"மூணாம் நம்பர் செத்துப்போச்சுடி." கண்கவசத்தைக் கவுண்டர் மேல் போட்டாள் லோர்னா. "படுத்தேன், எந்திரிச்சேன், அவ்வளவுதான். எங்கம்மா வீட்டு சோபாவுல படுத்த மாதிரி இருந்துச்சு."

பெர்னி காஸ்லெட் உள்ளே போய்ப் பார்த்தாள். வெயில் இல்லாமலே தோலைப் பழுப்பாக்கும் அந்தச் சன்பெட் படுக்கையின் குழல் விளக்குகள் ஒன்று விடாமல் எரிந்தன. அதே ஊதாநிற வெளிச்சம், அதே விசிறிச் சத்தம், கையை வைத்தால் அதே சூடு. பூட்டில் என்னும் ஊரின் கடைவீதியில் ரே நடத்தும் இந்தச் சன்பெட் கடையில் பெர்னி பல வருஷமாக வேலை பார்க்கிறாள். வேலை முடிந்து வீட்டுக்குக் கிளம்பும் முன் தானும் ஒரு படுக்கையில் படுத்து எழுந்துதான் போவாள். லிவர்பூல் பக்கத்து மழையில், வருஷம் முழுக்கத் தேன் நிறத்தில் திரியும் பெண்களில் அவளும் ஒருத்தி.

"எல்லாம் சரியாத்தானடி எரியுது?"

"எரியுது. ஆனா ஒண்ணும் ஏறல."

பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே லோர்னாவுக்கு எதிலும் குறைதான். அதனால் பெர்னி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் மறுநாள் டாக்ஸி ஓட்டும் டெஸ் மூன்றாம் அறையிலிருந்து உம்மென்று வெளியே வந்தான். "என்னம்மா ராசாத்தி, டீத்தூள் போடாம வெந்நியக் குடிச்ச மாதிரி இருக்கே," என்றான். அதற்கப்புறம் வந்தவர்களும் ஒவ்வொருவராக முகம் சுளித்தார்கள். ஒருத்தி முதல் அறை காலியாகும்வரை மழையில் நின்றிருந்தாள்.

பெர்னி ரேயைப் பிடித்துக்கொண்டாள். "மூணாம் ரூம்ல என்ன மாத்துனீங்க?"

"ஒண்ணும் மாத்தல. விளக்குக்கு மேல படுக்கிற பலகை கீறல் விட்டிருந்துச்சு, புதுசு போட்டேன். கூரைக்கு பிளாஸ்டிக் ஷீட் வெட்டுவான்ல ஒருத்தன், அவங்கிட்ட வெட்டி வாங்குனேன். பளபளன்னு கண்ணாடி மாதிரி இருக்குல்ல?"

பெர்னி மெஷின் பழுதுபார்க்கிறவனுக்கு போன் போட்டாள். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "அந்தப் பலகை புற ஊதாக் கதிர உள்ளயே விடாதும்மா. சூடு வரும், வெளிச்சம் வரும். ஆனா அதுல படுக்கிறதும் ஜன்னல சாத்திக்கிட்டு டிவி பாக்குறதும் ஒண்ணுதான்."

மேல்மூடி விளக்கின் கண்ணாடியையும் ரே அதே ஷீட்டில்தான் மாற்றியிருந்தான். ஆகவே கோளாறு என்னவென்று தெரிந்துவிட்டது. ஆனால் பெர்னியின் மண்டைக்குள் வேறொன்று குடைய ஆரம்பித்தது. யாருமே நிறம் ஏறவில்லை என்று சொல்லவில்லையே? நிறம் தெரிய எப்படியும் ஒரு நாளாவது ஆகும். இவர்கள் எழுந்து செருப்பு மாட்டும்போதே குறை சொன்னார்கள். கண்ணுக்குத் தெரியாத, சூடாகக்கூடத் தெரியாத ஒன்று இல்லை என்பது அவர்கள் உடம்புக்கு எப்படித் தெரிந்தது?

கடையில் கூட்டமில்லாத ஒரு மதியம் அவள் லோர்னாவைக் கூப்பிட்டாள். "என் கண்ணக் கட்டி ஏதாவது ஒரு ரூமுக்குக் கூட்டிட்டுப் போ. எந்த ரூமுன்னு சொல்லாத."

"இந்த வயசுல கண்ணாமூச்சியா? முட்டிக்கிட்டேன்னா எம்மேல பழி போடாத."

லோர்னா அவளை நடைவழியில் தட்டாமாலை சுற்றவிட்டு, ஓர் அறைக்குள் தள்ளினாள். பெர்னி படுத்தாள். இதமான சூடு. கொஞ்ச நேரம் கழித்தும் வெறும் சூடுதான். "மூணு," என்று கத்தினாள். அடுத்த அறையில் படுத்தபோது பிடரிக்குள் ஏதோ முடிச்சு மெல்ல அவிழ்ந்தது. காலையில் மகளோடு போட்ட சண்டை, வீட்டு வாடகை, மூட்டுவலி, எல்லாம் கரையைவிட்டு விலகிப் போவதுபோல் இருந்தது. அவள் அப்படியே கிடந்தாள்.

"என்னடி, சத்தத்தையே காணோம்?" என்றாள் வெளியே நின்ற லோர்னா.

"ஒண்ணு," என்றாள் பெர்னி. நிறத்துக்காக வருகிறேன் என்று இத்தனை வருஷமாக எல்லோரிடமும் சொல்லிவந்திருக்கிறாள். தனக்குத்தானே கூடச் சொல்லியிருக்கிறாள்.

அப்படியென்றால் எதற்காக? படுக்காமல் இருந்து பார்த்தால் தெரியுமே என்று நினைத்தாள். முதல் இரண்டு நாள் ஒன்றுமில்லை. பிறகு கை நமநமவென்றது. வாடிக்கையாளர்கள் மேல் எரிந்து விழுந்தாள். அறையைத் துடைக்கப் போனால் அந்த எரிந்த பிளாஸ்டிக் வாசனைக்கே நாக்கில் எச்சில் ஊறியது. அவள் அப்பா சிகரெட்டை விட்ட மாதம் வீட்டில் தட்டுகள் பறந்தது நினைவுக்கு வந்தது. பயமாகவும் இருந்தது, அடுத்து என்ன வரும் என்று பார்க்கும் ஆவலாகவும் இருந்தது.

அடுத்து வந்தது அவள் எதிர்பார்க்காதது. வாரங்கள் போகப் போகத் தோல் வெளிறியது. கைகால்களில் தேன் நிறம் போய்ப் பழைய பால் நிறம் திரும்பியது. ஒரு நாள் குளித்துவிட்டுத் துவட்டும்போது கெண்டைக்காலின் பின்பக்கம் ஒரு மச்சம் மட்டும் வெளிறாமல் நின்றது. ஒரு பக்கம் கறுப்பு, ஒரு பக்கம் காபி நிறம், ஓரமெல்லாம் கிழிந்த காகிதம்போல. இத்தனை நாள் சுற்றியிருந்த பழுப்பில் அது ஒளிந்திருந்திருக்கிறது.

டாக்டர் லென்ஸை வைத்து நெடுநேரம் பார்த்தார். "சன்பெட் பழக்கம் உண்டா?"

"அங்கதான் வேலையே."

வெட்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். மெலனோமா என்று வந்தது. தோல் புற்றுநோயில் பொல்லாத ரகம் அதுதான். நல்லவேளை, மேலோடு இருந்தது, ஆழம் போகவில்லை. சுற்றிலும் இன்னும் கொஞ்சம் சதையை வெட்டினார்கள்.

தையல் பிரிக்கும்போது பெர்னி தன் கேள்வியைக் கேட்டாள். "வெறும் வெளிச்சத்துக்கு உடம்பு எதுக்கு டாக்டர் இப்படி ஏங்குது?"

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அப்படிக் கேட்டவர்கள் அதிகம் இல்லை போலும். "அந்தக் கதிர் பட்டா தோல் காயப்படுது. காயப்பட்ட தோல் வலிக்கு மருந்து மாதிரி ஒண்ண சொந்தமாவே சுரக்குது. அபினுக்குத் தூரத்துச் சொந்தம்னு வச்சுக்குங்க. நீங்க காயத்துக்காகப் போகல, மருந்துக்காகப் போறீங்க. ஆனா காயப்படாம மருந்து வராது."

பெர்னி காலைத் தடவிக்கொண்டாள். "அந்த ஆசையையும் சேர்த்து வெட்டியிருக்கலாமே."

"அதுக்குக் கத்தி இல்லம்மா. குறையும். ஆனா சட்டுனு போகாது."

ரே அதற்குள் சரியான பலகை வாங்கிப் போட்டுவிட்டான். மூன்றாம் அறைக்கு மறுபடி கிராக்கி. வேலையிலிருந்து நிற்கப்போவதாகச் சொல்லவந்த அன்று பெர்னி லோர்னாவைக் கடையில் பார்த்தாள். பேன்டை மேலே சுருட்டித் தழும்பைக் காட்டினாள். கிண்ணம்போல் குழிந்திருந்தது.

லோர்னாவின் முகம் சிவந்தது. "எதுக்குடி இதெல்லாம் காட்டுற? என்னைப் பயமுறுத்தவா? எனக்குன்னு இருக்கிறது இந்தப் படுக்கை ஒண்ணுதான்."

"உனக்கு மட்டுமா? எனக்கும் அதான் இருந்துச்சு."

லோர்னா உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். விசிறிச் சத்தம் கேட்கவில்லை. சற்றுநேரத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தாள்.

"எம் முதுகுல என்ன இருக்குன்னு எனக்கு எப்படிடி தெரியும்?"

"திரும்பு."

மச்சம் நிறைய இருந்தது. ஒன்று மட்டும் இருவருக்கும் பிடிக்கவில்லை. டாக்டர் அதைப் பார்த்துவிட்டு ஆபத்தில்லை என்றார். லோர்னா அன்றைக்கு அழுதாள், பிறகு பெரிய பார்சலாக மீனும் சிப்ஸும் வாங்கி இருவரும் காரில் உட்கார்ந்து தின்றார்கள்.

பெர்னி இப்போது ஒரு பேக்கரியில் ரொட்டி விற்கிறாள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை உடம்பு முழுக்கக் காட்டிவிட்டு வருகிறாள், புதிதாக ஒன்றும் இல்லை. லோர்னா சன்பெட்டை அநேகமாக விட்டுவிட்டாள். போன வாரம் பேக்கரிக்கு வந்து, சுடச்சுட இறைச்சி பஃப் ஒன்றை வாங்கிக் கடித்தபடி, "நேத்து போய்ட்டேண்டி," என்று தலையைக் குனிந்துகொண்டாள்.

பெர்னிக்குத் திட்டத்தான் வாய் வந்தது. ஆனால் கவுண்டர்மேல் சாய்ந்து, "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள்.

லோர்னா நிமிர்ந்து பார்த்தாள். கேலி இல்லை என்று தெரிந்ததும் மெல்லச் சொல்ல ஆரம்பித்தாள். முதலில் ஒன்றுமே ஏறவில்லையாம், அப்புறம் பிடரியில் தொடங்கியதாம். பெர்னி கையிலிருந்த ரொட்டியை வைக்க மறந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் கைகளில் மயிர்க்கால்கள் குத்திட்டு நின்றன.