வீங்காத கை

முழங்கைக்கு மேல் சட்டையைச் சுருட்டிக்கொண்டு பெண்கள் வரிசையில் நின்றார்கள். மலையடிவாரத்து நாலாகட் ஊரில் பனி இன்னும் விலகவில்லை. வெறும் கைகள் புல்லரித்துக் கிடந்தன. மருந்துக் கம்பெனியின் பென்சிலின் பிளாக்கில் வேலை செய்கிறவர்களுக்கு அவ்வப்போது இந்தச் சோதனை உண்டு. கம்பவுண்டர் தனிராம் தோலுக்கடியில் ஒரு சொட்டு பென்சிலின் ஏற்றுவார். அந்த இடம் வீங்கினால் உடம்புக்கு அது ஆகாது என்று அர்த்தம்; வேலை போச்சு.

"என்ன பிர்மாஜி, கையை இழுத்துக்கறீங்க? வளையல் போட வந்த பொண்ணு மாதிரி நிக்கறீங்க."

"குளிருதுண்ணே. சீக்கிரம் குத்துங்க."

பிர்மாவின் கை வீங்கவில்லை. வீங்காது. சளிக்குப் போடும் சின்ன வெள்ளை மாத்திரையை நாலைந்து நாளாக விழுங்கிவிட்டு வந்திருந்தாள். அரிப்பையும் தடிப்பையும் அது அமுக்கிவிடும். வரிசையில் பாதிப் பேருக்கு இந்த வித்தை தெரியும். யாரும் வாய்விட்டுப் பேசிக்கொண்டதில்லை.

கேப்சூலில் தூள் நிரப்பும் எந்திரத்தில் அவளுக்கு வேலை. கொஞ்ச நாளாகவே முகமூடியைக் கழற்றினால் நெஞ்சுக்குள் விசில் அடித்தது, கழுத்தெல்லாம் தடிப்பு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் சூப்பர்வைசர் நேகி சொன்னது ஞாபகம் வரும்.

"கிருமி தன்னைச் சுத்திச் சுவர் கட்டிக்கும். நம்ம மருந்துக்குள்ள நாலு மூலை வளையம் ஒண்ணு இருக்கு. வளைச்சுக் கட்டின வில்லு மாதிரி விறைப்பா நிக்கும். சுவர் கட்டற கொத்தனார் கை பட்டா போதும், பட்டுனு திறந்து அந்தக் கையிலேயே ஒட்டிக்கும். அப்புறம் சுவரு ஏது? கிருமி வெடிச்சுச் செத்துடும்."

"நம்ம மேல ஒட்டாதா சார்?"

"ஒட்டும். சில பேர் உடம்பு அதை எதிரின்னு நெனச்சுச் சண்டைக்குப் போகும். அதனாலதான் குளிச்சுட்டுப் போங்கன்னு தொண்டை கிழியக் கத்தறேன்."

தூள் வேறு மருந்தில் கலந்துவிடக் கூடாதென்று அந்த பிளாக்குக்குத் தனி மதில், தனி கேட், தனிச் சாப்பாட்டு அறை. வாடகை அறையில் அவளோடு தங்கியிருந்த லதா, காய்ச்சல் மாத்திரை பிளாக்கில் வேலை பார்த்தவள், போன மாதம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். "தப்பா நெனச்சுக்காதக்கா. உன் துப்பட்டா என் கொடியில தொங்கறது தெரிஞ்சா எனக்கு வேலை போயிடும்." அதன் பிறகு பிர்மா ஒற்றை ரொட்டிக்கல்லில் தனக்கு மட்டும் சுட்டுக்கொண்டாள். சில நாள் அதுவும் இல்லை.

சோதனை முடிந்த மறுவாரம் தள்ளுவண்டியின் விளிம்பு அவள் முழங்காலுக்குக் கீழே கிழித்தது. இரண்டு நாளில் கால் சிவந்து, பளபளவென்று வீங்கி, தொட்டால் கொதித்தது. தனிராம் பார்த்ததும் ஊசியில் மருந்தை இழுத்தார்.

"நம்ம சரக்குதான். ஒரே குத்து, ஓடிடும்."

பிர்மா அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "வேணாம்ணே. எனக்கு அது ஆகாது. மூச்சு நின்னுடும்."

"போன வாரம் கை பளிங்கு மாதிரி இருந்துச்சே?"

அவள் தரையைப் பார்த்தாள். தனிராம் ஊசியைத் தட்டில் வைத்தார்.

"மாத்திரை போட்டுட்டு வந்தியா? நெனச்சேன்."

"ஊசியைச் சாக்கடையில பீச்சிட்டு, போட்டாச்சுன்னு சொல்லிடுங்கண்ணே. வெளியில வேற மருந்து பாத்துக்கறேன்."

"நாளைக்குக் கால் அழுகினா என் தலையில விடியும். எனக்கும் புள்ளைகுட்டி இருக்குது தாயி."

தனிராம் போய்ச் சொன்னதைக் கேட்டு நேகி கோபப்படவில்லை, இனி வேலைக்கு வர வேண்டாம் என்று அமைதியாகச் சொன்னார். அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"அந்தப் பக்கம் காய்ச்சல் மாத்திரை பிளாக்குல போடுங்க சார். கூட்டவாவது செய்யறேன்."

"உன்னை வாசல்லயே நிறுத்திடுவாங்க. உன் தலைமுடியில ஒரு துகள் ஒட்டியிருந்தாலும் அவங்க சரக்கு மொத்தமும் குப்பைக்குப் போகணும்."

"இங்க இருந்தா நான் போயிடுவேன். அங்க போனா சரக்கு போயிடும். அப்ப நான் எங்கதான் சார் போறது?"

நேகி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "வெளியில போகும்போது குளிச்சுட்டுப் போ. சீருடையை உள்ளேயே போட்டுடு."

அவள் குளித்தாள். ஈரத்தலையோடு நொண்டி நொண்டி அரசு ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டரிடம் எதையும் மறைக்கவில்லை. அவர் சீட்டின் தலைப்பில் சிவப்பு மையால் 'பென்சிலின் கூடாது' என்று எழுதி, அடியில் வேறொரு மருந்தின் பெயரை எழுதினார். மருந்து தரும் ஜன்னலில் வரிசை நீளமாக இருந்தது. அவள் முறை வந்தபோது கால் மரத்துப் போயிருந்தது.

"இது ஸ்டாக் இல்லம்மா. வெளியில வாங்கிக்க. பென்சிலின்னா எவ்வளவு வேணும்னாலும் அள்ளித் தருவேன்."

"எப்ப வரும்?"

"யாருக்குத் தெரியும்? ஓரமா நில்லு, பின்னாடி ஆளுங்க நிக்கறாங்க."

அவள் ஓரமாக நின்றாள். ஜன்னலுக்குள் ஒரு புது அட்டைப்பெட்டியைக் கிழித்தார்கள். அவளுடைய பிளாக்கின் முத்திரை. உள்ளே அவள் நிரப்பிய அதே கேப்சூல், ஒரு பாதி சிவப்பு, ஒரு பாதி மஞ்சள். வரிசையில் வந்த ஒவ்வொருவர் உள்ளங்கையிலும் ஒரு அட்டை விழுந்தது. பிர்மா துப்பட்டாவால் மூக்கை இறுக்கிப் பொத்திக்கொண்டாள்.