எழுபதுக்கு மேலே மூன்று

மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தின் சுவரோரத்துப் பிளாஸ்டிக் நாற்காலியில் அவள் உட்கார்ந்து ஒன்றேகால் மணி நேரம் ஆகியிருந்தது. ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் காலை ஆறு மணிக்கே வேலையைத் தொடங்கி, மேற்பார்வையாளரிடம் கெஞ்சிக் கூத்தாடி அரை நாள் விடுப்பு வாங்கி வந்தவள். கால் இரண்டும் கல்லாய்க் கனத்தன. மூடிய கதவுக்கு அப்பால் அவளுடைய தம்பி, நாற்பத்தொரு வயதுத் தம்பி, அறிவுத்திறன் சோதனையின் கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தான்.

எழுபதுக்குக் கீழே எண் வந்தால், பகல்நேரப் பராமரிப்பு மையத்தில் அவனுடைய இடம் நிலைக்கும். எழுபதைத் தாண்டினால் அந்த இடம் வரிசையில் நிற்கும் வேறொருவருக்குப் போய்விடும். மையம் இல்லையென்றால், அவள் வேலைக்குப் போகும் பகல் முழுவதும் அவன் வீட்டில் தனியாக இருக்க வேண்டும். இல்லையேல் அவள் வேலையை விட வேண்டும். அவனைத் தனியாக விட முடியாது என்பது அவளுக்குத் தெரியும். வேலையை விட முடியாது என்பது வீட்டு அடுப்புக்குத் தெரியும்.

அந்த எண்ணின்மேல் அவளுக்குப் பகை இல்லை. நன்றிதான் இருந்தது. 'சோம்பேறி, திமிர் பிடித்தவன்' என்று பள்ளிக்கூடமே அவனை வைது, அவன் உள்ளங்கை தடித்துச் சிவந்து திரும்பிய காலம் ஒன்று இருந்தது. அம்மா அழுதாள், பிரம்பு நிற்கவில்லை. அப்பா சண்டை போட்டார், பிரம்பு நிற்கவில்லை. ஒருநாள் யாரோ ஒரு மருத்துவர் சோதனை வைத்து, ஒரு தாளில் அறுபத்து நான்கு என்று எழுதிக் கொடுத்தார். மறுநாள் பிரம்பு நின்றது! தாயின் கண்ணீருக்கு இரங்காத நெஞ்சங்கள் ஒரு தாளுக்கு இரங்கின. ஐந்து ஆண்டுகளுக்கு முன் இதே அலுவலகத்தில் வைத்த சோதனையிலும் அதே அறுபத்து நான்குதான் வந்தது.

கதவு திறந்தது.

"வெளுத்துக் கட்டிட்டேன் அக்கா!" என்றான் தம்பி. மையத்தில் அவனுக்கு 'மேனேஜர்' என்று பெயர். டீ நேரம் வந்தால் ஊருக்கு முன்னால் அறிவிப்பவன் அவன்தான். அந்த மிடுக்கோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

சோதனை வைத்த அம்மையார் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, கண்களைக் கசக்கினார். அன்று அவருக்கு இது ஆறாவது ஆள்.

"உள்ள வாங்கம்மா. எழுபத்து மூணு வந்திருக்கு."

"போன தடவை அறுபத்து நாலுதானே மேடம்?"

"அதான் எனக்கும் புரியல. இந்த வயசுல ஒன்பது ஏறுறது சும்மா நடக்காது."

"ஏன் நடக்காது?" என்றான் மேனேஜர். "எல்லாம் அக்கா சொல்லிக் குடுத்தா."

அவன் சொன்னது உண்மைதான். போன சோதனை முடிந்து வீடு திரும்பிய அன்றே, தெரியாமல் விட்ட கேள்விகளை ஒவ்வொன்றாக ஒப்பித்து, 'இதுக்கு என்ன பதில் அக்கா?' என்று கேட்டான். அவள் சொன்னாள். மறந்தான், மறுபடி கேட்டான், மறுபடி சொன்னாள். அரிசி களையும்போதும், துணி மடிக்கும்போதும், ஐந்து ஆண்டுகள். கேட்கிறவனைத் தெரியாதவனாகவே விட்டுவைக்க அவளுக்கு மனம் வரவில்லை. அதே கேள்விகள் திரும்பி வரும் என்று கனவா கண்டாள்?

"அதே பெட்டிதான்," என்றார் அம்மையார், மேசைமேல் இருந்த, கேள்விகளும் கட்டைகளும் அடங்கிய சோதனைப் பெட்டியைத் தட்டி. "வேற பெட்டி கேட்டு எழுதி மூணு வருஷமாச்சு, பதில் இல்ல. மனப்பாடம் பண்ணிட்டு வந்தார்னு நான் எழுதினா, சோதனையே செல்லாது. அடுத்ததுக்கு ஒரு வருஷம் ஆகும். அதுவரைக்கும் மையத்துல வெச்சுக்க மாட்டாங்க."

"அப்போ என்னதான் மேடம் வழி?"

"இன்னொரு தாள் இருக்கு. தினப்படி வாழ்க்கையில எது முடியும், எது முடியாதுன்னு வீட்ல இருக்கறவங்க சொல்லணும். அதுல ஒண்ணாவது நான் கண்ணால பார்த்ததா இருந்தா, எண் என்ன சொன்னாலும் இடத்தை நீட்டிக்க நான் எழுதலாம்."

அவள் தம்பியைப் பார்த்தாள். "நீ கொஞ்ச நேரம் வெளிய உட்காருப்பா."

"என்னைப் பத்தித்தானே பேசப் போறீங்க? நான் இருக்கேன்."

இருந்தான். எழுபத்து மூன்று வாங்கிய மகிழ்ச்சி முகத்தில் காயாமல் இருந்தது. அந்த முகத்துக்கு நேரே அவன் குறைகளை அவள் அடுக்க வேண்டும்!

"பஸ்ல தனியா வரத் தெரியாது மேடம்."

"தெரியும். பதினேழாம் நம்பர்."

"ஏறத் தெரியும். இறங்க மாட்டான். கடைசி ஸ்டாப் வரைக்கும் போயிடுவான்."

"ஜன்னல் சீட் கெடைச்சா யாரு இறங்குவா?"

அம்மையாரின் உதட்டில் சிரிப்பு எட்டிப் பார்த்து ஒளிந்தது. "இதெல்லாம் பத்தாதும்மா."

அவள் முந்தானையைக் கசக்கினாள். சொல்லாமல் தீராது. "போன வருஷம் மையத்துக்கு லீவு. வீட்ல தனியா இருந்தான். யாரோ ஒருத்தன் ஃபேன் ரிப்பேர்னு வந்திருக்கான். கதவைத் திறந்து விட்டுட்டான். ஃபேன் போச்சு, மிக்ஸி போச்சு, அம்மாவோட தோடு போச்சு."

"அவர் நல்லவரு அக்கா," என்றான் மேனேஜர் பொறுமையாக. "ஏணி ஆடுதுன்னு சொன்னாரு. நான்தான் கடைசி வரைக்கும் பிடிச்சுக்கிட்டேன்."

எண்ணைக் குறை சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. கட்டையை அடுக்குவாயா என்று சோதனை கேட்டது, அடுக்கினான். சொல்லுக்குப் பொருள் கேட்டது, சொன்னான். கள்ளன் வந்து கனிவாகப் பேசினால் கதவைச் சாத்துவாயா என்று அது கேட்கவே இல்லையே! கேட்காத கேள்விக்கு எந்த எண் பதில் சொல்லும்?

அம்மையார் கண்ணாடியை இறக்கி மாட்டினார். நாற்காலியை அவன் பக்கம் திருப்பினார்.

"மேனேஜர் சார், உங்ககிட்ட வீட்டுச் சாவி இருக்கா?"

"இருக்கே." சட்டைப் பையைத் தட்டிக் காட்டினான்.

"எனக்கு வேணுமே. குடுங்க."

அக்கா அவன் கையையே பார்த்தாள். கொடுக்காதே என்று ஒரு மனம் கத்தியது. கொடுத்துவிடு என்று ஒரு மனம் கெஞ்சியது. எந்த மனம் தன்னுடையது என்று அவளுக்கே தெரியவில்லை.

அவன் சாவியை எடுத்து, அதில் கட்டியிருந்த நூலைப் பிரித்து, அம்மையாரின் உள்ளங்கையில் பத்திரமாக வைத்தான். "கீழ்ப் பூட்டு கொஞ்சம் மக்கர் பண்ணும் மேடம். கதவைத் தூக்கிப் பிடிச்சுத் திருப்புங்க. அக்கா ரெண்டு மணிக்கு மேலதான் வருவா. அதுக்கு முன்னாடின்னா யாரும் இருக்க மாட்டாங்க."

அம்மையார் சிறிது நேரம் சாவியையே பார்த்தார். பிறகு எழுதினார். நாலைந்து வரிதான், கையெழுத்திட்டு முத்திரை குத்தினார். "இடம் இருக்கும்மா. ரெண்டு வருஷத்துக்கு. அப்புறம் மறுபடி சோதனை."

சாவியை அவர் அக்காவின் கையில் கொடுத்தார். அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வேண்டாமா மேடம்?"

"இப்போ தேவைப்படல சார்."

"அந்த எழுபத்து மூணு?"

அம்மையார் ஒரு துண்டுச் சீட்டில் பெரிதாக 73 என்று எழுதிக் கொடுத்தார். சாவி இருந்த பையில் அதை வைத்துக்கொண்டான்.

பேருந்தில் ஜன்னலோரம் அவனுக்குக் கிடைத்தது. வென்றுவிட்டோம் என்று தனக்குத் தானே சொல்லிப் பார்த்தாள். உடம்பு நம்பவில்லை; இருக்கையில் தலை சாய்ந்தது.

"அக்கா, ஒரே ஒரு கேள்வி விட்டுட்டேன். ஈரத்துணி வெயில்ல ஏன் காயுது?"

அவள் கண்ணைத் திறக்கவில்லை. இரண்டு வருடம். அதே பெட்டி. ஒவ்வொரு பதிலும் ஒரு படி. படி ஏற ஏற, மையத்தின் வாசல் தூரமாகும். இனி ஒன்றும் சொல்லித் தரக் கூடாது என்று அலுவலகப் படிக்கட்டில்தான் தீர்மானித்திருந்தாள்.

"அக்கா, தூங்கிட்டியா? நீ துணி வேலைதானே செய்யற, உனக்குத் தெரியும்ல?"

ஒரு நிறுத்தம் போனது. இன்னொன்று போனது. அவன் கேள்வியை விடவில்லை. தன் சட்டை நுனியை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"துணியில இருக்கற தண்ணி," என்றாள் அவள், கண்ணை மூடியபடியே, "சூடு பட்டதும் ஆவியாகிக் காத்தோட போயிடும்."

"ஆவியாகி," என்றான் மேனேஜர். "காத்தோட. இன்னொரு தடவை சொல்லு."

அவள் சொன்னாள்.